பாகல் விதைக்குள் படிப்பு

பாகல் விதைக்குள் படிப்பு (3).

இது தலைப்பு மட்டுமில்லை, ஒரு கேள்வியும்கூட. பக்கத்தில் இருக்கும் எண், விடைக்கு எத்தனை எழுத்து என்று சொல்கிறது. மூன்று. புள்ளி வைத்த எழுத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். காபி ஆறுவதற்குள் போட்டுவிடலாம். முயற்சி செய்யுங்கள்.

பாகற்காயின் கசப்பு, சர்க்கரைக்கு நல்லது, பிட்லை என்று மனசு எங்கேயாவது ஓடினால் இழுத்துப் பிடியுங்கள். அர்த்தத்தைச் சற்று நேரம் மறந்துவிட்டு, முதல் இரண்டு சொற்களையும் வெறும் எழுத்துகளாக வரிசையில் நிற்க வையுங்கள். பா, க, ல், வி, தை. இதற்கு 'உள்ளே' என்ன இருக்கிறது? முதலில் நிற்பவரையும் கடைசியில் நிற்பவரையும் போகச் சொல்லுங்கள். மிச்சம் க, ல், வி. கல்வி. படிப்பு என்றால் கல்விதானே? முடிந்தது.

'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றினால் வாழ்த்துகள். ஆங்கிலத்தில் கிரிப்டிக் கிராஸ்வேர்டு என்று பெயர் வைத்து, ரொம்பப் பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கும் சமாசாரத்தில் ஒரு குறிப்பை அவிழ்த்துவிட்டீர்கள். 'அநியாயம், ஏமாற்று வேலை' என்று தோன்றினால், அதற்கும் வாழ்த்துகள். சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறீர்கள். இது நியாயமா, அநியாயமா என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

*

நம் வார இதழ்களில் (இதையும் சேர்த்துத்தான்) வருகிற குறுக்கெழுத்து உங்களுக்குப் பழக்கமானது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். இடம் பற்றாவிட்டால் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று சொற்கள் சிரசாசனமும் செய்யும். குறிப்புகள் நேரடியானவை. கரிகாலன் கட்டிய அணை. ஒரு காய். நடிகையின் படம் போட்டு, 'இவர் பெயர் கலைந்துள்ளது'.

இதில் என்ன குறை? ஒரு குறிப்பு சொல்கிறேன். 'ராமனின் தம்பி (6)'. லட்சுமணன் என்று எழுதுகிறீர்கள். ஆறெழுத்து, சரியாக உட்காருகிறது. ஆனால் சத்ருக்னனும் ராமனின் தம்பிதான். அதுவும் ஆறெழுத்துதான். கடைசிக் கட்டத்தில் குறுக்கே வருகிற எழுத்தைப் பார்க்கலாம் என்றால் இரண்டுமே 'ன்' என்றுதான் முடிகின்றன! ஆசிரியர் மனசில் இருந்தது எந்தத் தம்பி? அடுத்த இதழ் வந்தால்தான் தெரியும். அதாவது, உங்களுக்கு ராமாயணம் தெரிந்திருந்தும், நீங்கள் செய்தது ஊகம்தான்.

இந்த ஊகத்துக்கு நம் ஊரில் கோர்ட் வரை போன சரித்திரம் உண்டு. சுதந்திரம் வந்த காலத்தில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் இந்தியாவில் பெரிய வியாபாரம். ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். சீல் வைத்த உறைக்குள் எது இருக்கிறதோ அதுதான் 'சரியான' விடை. நுழைவுக் கட்டணம் கட்டி, கட்டுக் கட்டாகக் கூப்பன் அனுப்பியவர்கள் ஏராளம். 1955-ல் அரசாங்கம் பரிசுப் போட்டிகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது, அதற்குள் நடத்தவும் லைசென்ஸ் வேண்டும். அப்படிப் போட்டிகள் நடத்திவந்த ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா உச்ச நீதிமன்றம் போனார். 1957-ல் தீர்ப்பு வந்தது. திறமையால் ஜெயிக்கிற போட்டி வேறு, அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கிற சூதாட்டம் வேறு, சட்டத்தின் பிடி இரண்டாவதற்கு மட்டும்தான் என்றது நீதிமன்றம்.

குறுக்கெழுத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோலை எந்த விமரிசகரும் தந்ததாகத் தெரியவில்லை. விடை கிடைத்த நிமிடத்தில், யாரையும் கேட்காமல், 'இதுதான், வேறு எதுவும் இருக்க முடியாது' என்று உங்களுக்கே தெரிய வேண்டும். தெரிந்தால் அது திறமை. தெரியாவிட்டால் லாட்டரி.

*

கிரிப்டிக் குறிப்பு இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் பி.காம். படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். டபுள் என்ட்ரி. ஒவ்வொரு கணக்கும் இரண்டு இடத்தில் பதிவாக வேண்டும், பற்றிலும் வரவிலும். இரண்டு கூட்டலும் பைசா சுத்தமாக டாலி ஆக வேண்டும்.

பாகல் விதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'படிப்பு' என்பது ஒரு பதிவு, விடையின் பொருள். 'பாகல் விதைக்குள்' என்பது இன்னொரு பதிவு, விடையின் எழுத்துகள் எங்கே கிடைக்கும் என்ற விலாசம். இரண்டும் வெவ்வேறு பாதையில் கிளம்பி ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. அதனால்தான் கல்வியைத் தவிர வேறு விடை சாத்தியமில்லை. 'படிப்பு (3)' என்று மட்டும் கொடுத்திருந்தால் பாடம் என்று எழுதினாலும் மூன்றெழுத்துதான். யார் கேட்பது?

ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டது 1913 டிசம்பர் 21-ம் தேதி. அது நேரடிக் குறிப்புகள் கொண்டது. அதை எடுத்துக்கொண்டு போய் முறுக்கிப் பிழிந்தது இங்கிலாந்துக்காரர்கள். இருபதுகளின் நடுவில் எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் என்பவர் முழுக்க முழுக்கக் கிரிப்டிக் குறிப்புகளாலேயே புதிர் போட ஆரம்பித்தார். வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கமடா. ஸ்பெயின் நாட்டில் மதவிசாரணை என்ற பெயரில் மனிதர்களை வதைத்தவரின் பெயர்! தன் வாசகர்களை என்ன செய்யப்போகிறார் என்பதில் அவருக்கு எந்த ஒளிவுமறைவும் இல்லை. 1939-ல் அவர் இறந்த பிறகு அப்சர்வர் பத்திரிகையில் அந்த இடத்துக்கு வந்தவர் டி.எஸ். மக்நட். அவர் எடுத்துக்கொண்ட பெயர் ஸிமனீஸ். அதே மதவிசாரணைக் கோஷ்டியில் இன்னொருவர்.

ஆனால் இந்த ஸிமனீஸ்தான் விளையாட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தார். 1966-ல் அதற்கென்று ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் பள்ளியின் சாரம் எளியது. ஒரு குறிப்பில் விடையின் பொருள் இருக்கலாம். விடையை அடைய நேர்மையான இன்னொரு வழி இருக்கலாம். மூன்றாவதாக எதுவும் இருக்கக் கூடாது. அவருக்கு முன்பே, 1949-ல், ஆஃப்ரிட் என்ற புனைபெயர்க்காரர் இதன் தர்மத்தைச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதன் சாரம்: குறிப்பு எழுதுபவர் வாசகரைத் திசைதிருப்பலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது. வாசகர் தவறாகப் புரிந்துகொண்டால் அது வாசகர் பாடு. எழுதிய வார்த்தைக்கு அந்த அர்த்தமே கிடையாது என்றால் அது எழுதியவர் குற்றம்.

*

இப்போது நம் ஆரம்பப் பாடத்துக்கு வருவோம். இந்தப் பத்திக்காகச் செய்த நான்கு குறிப்புகள் தருகிறேன். ஒவ்வொன்றும் ஒரு வகை. உடனே கீழே பார்க்காமல் அரை நிமிடம் கொடுங்கள்.

முதலாவது: நகரம் குழம்பினால் பாவிகள் சேருமிடம் (4).

மேலோட்டமாகப் படித்தால் டிராஃபிக் பற்றிய புலம்பல் மாதிரி இருக்கிறது. 'குழம்பினால்' என்பதுதான் சிக்னல். எதையோ கலைக்கச் சொல்கிறது. எதை? பக்கத்தில் இருப்பதைத்தான். ந, க, ர, ம் என்ற நான்கையும் இடம் மாற்றுங்கள். நரகம். பாவிகள் சேருமிடம். இந்த வகைக்கு எழுத்துக் கலைப்பு என்று பெயர் வைக்கலாம். கலை, குழம்பு, சிதறு, தடுமாறு, பைத்தியம் பிடி என்று எந்த மாதிரி வார்த்தை வந்தாலும் காதை நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: நாள் முடியும் வேளை கழுத்தில் விழுவது (2).

படித்தவுடன் தூக்குக் கயிறுதான் ஞாபகம் வரும். வர வேண்டும், அதற்காகத்தான் அப்படி எழுதியது. நாள் முடியும் வேளை என்ன? மாலை. கழுத்தில் விழுவது? மாலை. இதில் எழுத்து விளையாட்டே கிடையாது, இரண்டு பொருள்களை முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருக்கிறது. நம் ஊர்ச் சிலேடை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போன காளமேகத்தின் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் லண்டனிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது: கதைக்குள் விமலா தலைநீட்டினால் பாரதியார் எழுதியது (3).

யார் இந்த விமலா? யாருமில்லை. அவள் தலை மட்டும்தான் நமக்கு வேண்டும். விமலாவின் தலை 'வி'. அது 'கதை' என்ற சொல்லுக்குள் நுழைகிறது. க, வி, தை. கவிதை. பாரதியார் கதையும் எழுதியிருக்கிறாரே என்று சண்டைக்கு வருபவர்கள் எழுத்துக் கணக்கைப் பாருங்கள். 'கதை' இரண்டெழுத்துதான். டபுள் என்ட்ரியின் சௌகரியம் இது.

நான்காவது: மாவட்டம் தலையை இழந்தால் தாசில்தார் கைக்கு வரும் (4).

கலெக்டர் டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டார் என்று செய்தி வாசிப்பது போல இருக்கிறது. மறுபடியும் எழுத்துகளாகப் பாருங்கள். மாவட்டத்தின் தலை 'மா'. அதை வெட்டினால் வட்டம். தாசில்தாரின் ஆட்சிப் பகுதிக்கு அரசாங்கக் காகிதத்தில் என்ன பெயர்? வட்டம்தான். இங்கே பொய்க்கதையும் நிஜக்கதையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. ஒரு குறிப்புக்கு அமையக்கூடிய பெரிய அதிர்ஷ்டம் அது.

நான்கிலும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். விடையின் பொருள் எப்போதும் வாக்கியத்தின் ஏதோ ஒரு முனையில்தான் இருந்தது, முன்னால் அல்லது பின்னால். நடுவில் வராது. ஆரம்பநிலையினருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் இதுதான். இரண்டு முனையையும் சந்தேகப்படுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

இனி ஒரு கெட்ட குறிப்பு. செய்யுளுக்குப் பின் தொடையில் தட்டியது கீழுலகம் வரை கேட்டது (4).

விடை பாதாளம். செய்யுள் என்றால் பா, தொடையில் தட்டுவது தாளம், இரண்டும் சேர்ந்தால் கீழுலகம். படிக்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஒரு கச்சேரியே கண்முன் வருகிறது. ஆனால் 'வரை கேட்டது' என்ற இரண்டு வார்த்தைக்கு இங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. வாக்கியம் அழகாக இருக்கட்டும் என்று திணித்தது. கணக்குப் புத்தகத்தில் ரசீது இல்லாத செலவு. விடையைக் கண்டுபிடித்த பிறகும் அந்த இரண்டு வார்த்தைகள் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும். குறிப்பு கடினமாக இருப்பது குற்றமே இல்லை. விடை தெரிந்த பிறகும் உறுத்தினால்தான் குற்றம்.

*

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, 'ஆரம்பநிலையினருக்கு' என்று லேபிள் ஒட்டி வரும் ஆங்கிலப் புதிர்களைப் பார்க்கலாம். அப்சர்வரில் எவ்ரிமேன் என்ற பெயரில் 1945-லிருந்து சாமானியருக்கான புதிர் வருகிறது. கார்டியன் 1999-ல் க்விப்டிக் என்று ஒன்றைத் தொடங்கியது. லண்டன் டைம்ஸ் 2014-ல் க்விக் கிரிப்டிக் கொண்டுவந்தது. வழக்கமான பதினைந்துக்குப் பதினைந்து கட்டத்தைப் பதின்மூன்றுக்குப் பதின்மூன்றாகச் சுருக்கியது. 2024-ல் கார்டியன் மறுபடியும் தன் பங்குக்கு ஒரு க்விக் கிரிப்டிக் ஆரம்பித்தது.

பெரும்பாலான எளிய புதிர்கள் செய்கிற தவறு, எளிமை என்றால் எளிய விடை என்று நினைப்பது. விடை 'பூனை' மாதிரி குழந்தைக்கும் தெரிந்த சொல்லாக இருக்கும். ஆனால் அதை அடைகிற வழியில் பழைய கிளப் மெம்பர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கேதம் ஒன்று உட்கார்ந்திருக்கும். உதாரணமாக, ஆங்கிலப் புதிரில் 'நடிகர்' என்று வந்தால் விடைக்குள் 'ட்ரீ' என்ற எழுத்துகளைப் போடலாம். ஏன்? ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்று ஒரு நாடக நடிகர் இருந்தார். அவர் இறந்தது 1917-ல்! அவர் நடிப்பைப் பார்த்த யாரும் இன்று உயிரோடு இல்லை. குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குள் மட்டும் இன்னமும் தினமும் மேடையேறிக்கொண்டிருக்கிறார். புதிதாக வருபவருக்கு இது எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாததை அவர் தன் முட்டாள்தனம் என்று நினைத்துக்கொள்வார். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கிரிப்டிக் என்றால் அதிமேதாவிகளின் ஆட்டம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக ஒரு கதையும் சொல்வார்கள். 1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் ஒரு போட்டி வைத்தது. பன்னிரண்டு நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலரை அரசாங்கம் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் சங்கேதங்களை உடைக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. நிஜம்தான். ஆனால் அந்தச் சிலரும் பிறக்கும்போதே 'ட்ரீ' தெரிந்து பிறந்தவர்கள் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், அப்பாவோ மாமாவோ பள்ளிக்கூட வாத்தியாரோ. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவருக்கு விளையாட்டின் கதவு மூடியே இருந்தது. கதவுக்கு உள்ளே இருப்பவர்கள் அதைப் புத்திசாலித்தனம் என்று அழைத்துக்கொண்டார்கள்.

2024-ன் கார்டியன் புதிர் எனக்குப் பிடித்திருப்பது இந்தக் காரணத்தால்தான். குறிப்புகளில் சில வகைகளை மட்டும் பயன்படுத்துகிறது. அவை என்னென்ன வகை என்று புதிரோடேயே சொல்லிவிடுகிறது. இன்றைக்கு எழுத்துக் கலைப்பு உண்டு, ஒளித்து வைத்தது உண்டு, இரட்டைப் பொருள் உண்டு என்கிற மாதிரி. எந்தக் குறிப்பு எந்த வகை என்பதை மட்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இடத்தில் நிறுத்தியது சமர்த்து. ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் 'இது கலைப்பு', 'இது நுழைப்பு' என்று பட்டை கட்டியிருந்தால் அது டுடோரியல் காலேஜ் நோட்ஸ். 'குழம்பினால்' என்ற சொல் சமையலறைக் குழம்பு இல்லை, சிக்னல் என்று மூளையில் விளக்கு எரிகிற அந்த நொடிக்காகத்தானே இத்தனை பாடும்? அதையும் பிடுங்கிக்கொண்டால் கட்டத்தை நிரப்புகிற குமாஸ்தா வேலைதான் மிஞ்சும். சமையல்காரர் சமையலறையைத் திறந்து காட்டலாம், ஊட்டிவிடக் கூடாது.

*

இன்னொரு குறை எல்லாப் பத்திரிகைகளுக்கும் பொது. மறுநாள் வருகிற விடை.

பெரும்பாலான நாளிதழ்களில் மறுநாள் ஒரு சின்னக் கட்டம் வரும், எழுத்துகளால் நிரப்பி. அவ்வளவுதான். ஏழாவது குறுக்கு 'நரகம்' என்று இருக்கும். ஏன் நரகம்? பதில் கிடையாது. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் மாதிரி விடை மட்டும். கணக்கு தெரிந்தவன் சரிபார்த்துக்கொள்வான். தெரியாதவன் வெறித்துப் பார்ப்பான்.

கிரிப்டிக் புதிரில் விடை பாதிதான். விளக்கம் மறுபாதி. 'நகரம் குழம்பினால் நரகம்' என்று ஒரே ஒரு வரி போதும், அடுத்த வாரம் 'சிதறிய' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு புது வாசகர் தானே பிடித்துக்கொள்வார். சென்னையில் ஹிந்து நாளிதழில் எழுபதுகளிலிருந்து ஆங்கிலக் கிரிப்டிக் வருகிறது. அதைப் போடுபவர்களில் எத்தனையோ பேர் பக்கத்து மேஜைக்காரரிடமோ, ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடமோ 'இது எப்படி ஸார்?' என்று கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகை ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டியதை எதிர் சீட்டுக்காரர் சொன்னார். எதிர் சீட்டு காலியாக இருந்தவர்கள் ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

ஸ்போர்ட்ஸ் பக்கம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆங்கிலக் கிரிப்டிக்கின் பாதி சங்கேதங்கள் கிரிக்கெட் ஸ்கோர் கார்டிலிருந்து வந்தவை. மெய்டன் என்றால் எம். ரன் என்றால் ஆர். டக் என்றால் முட்டை, அதாவது ஓ. லெக் சைடு என்றால் ஆன். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ஸ்கோர் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் அத்துப்படி. நம் கையில் பாதிச் சாவி ஏற்கெனவே இருக்கிறது. இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

*

'போயும் போயும் ஒரு பொழுதுபோக்குக்கு இத்தனை நியாய தர்மமா?' என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கார்டியனில் 1958-லிருந்து புதிர் போட்டவர், அரகேரியா என்ற புனைபெயரால் அறியப்பட்டவர் ஜான் கிரஹாம். பாதிரியார். 2013 ஜனவரியில், அவருக்கு 91 வயது, ஒரு புதிர் வந்தது. மேலே ஒரு சிறு முன்குறிப்பு. அரகேரியாவுக்கு இந்த எண் விடையில் அந்த எண் விடை வந்திருக்கிறது, அதற்கு இன்னின்ன எண்களில் உள்ள சிகிச்சை நடக்கிறது என்று வெறும் கட்ட எண்களாக. வாசகர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் 'கேன்சர்' வந்தது. இன்னொன்றில் 'உணவுக்குழாய்'. மற்ற இரண்டில், குணப்படுத்த முடியாத நிலையில் வலியைத் தணிக்கத் தரும் சிகிச்சையின் பெயர். எழுத்து எழுத்தாக அவிழ்த்துத்தான் அந்தச் செய்தியை அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அந்த வருஷம் நவம்பரில் அவர் காலமானார்.

இதை ஒரு மனிதர் எப்படிச் செய்ய முடிந்தது? ஐம்பத்தைந்து வருஷமாக அவர் வாசகர்களைக் குழப்பினார், திசைதிருப்பினார், தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தார். ஏமாற்றியது மட்டும் இல்லை. கணக்கு எப்போதும் டாலி ஆனது. அதனால் அவர் எழுதியது எதுவானாலும் உட்கார்ந்து அவிழ்த்தால் உண்மை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் அந்தக் கட்டம் வெறும் கட்டம்தான்.

*

கடைசியாக, தமிழில் இது நடக்குமா என்ற கேள்வி. மேலே இருக்கும் குறிப்புகளைப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஆங்கிலத்துக்கும் நமக்கும் சில வித்தியாசங்கள் உண்டு. அவர்களுக்கு இருபத்தாறு எழுத்து, உயிரும் மெய்யும் தனித்தனி, குலுக்கிப் போட்டால் 'லிஸன்' என்பதே 'சைலண்ட்' ஆகிவிடும். நமக்கு உயிர்மெய் ஒட்டிப் பிறந்த இரட்டை, எளிதில் பிரியாது. அதனால் நகரம்–நரகம் மாதிரி கலைப்புகள் தமிழில் அபூர்வம். ஆனால் ஒளித்து வைக்கவும், நுழைக்கவும், தலையை வெட்டவும் தமிழ் மாதிரி வசதியான மொழி கிடையாது. சின்ன வயசில் சிறுவர் பத்திரிகையில் போட்டிருப்பீர்களே: ஐந்தெழுத்துச் சொல், முதல் எழுத்தை நீக்கினால் இது, கடைசி எழுத்தை நீக்கினால் அது. அதே விடுகதைக்கு வேஷம் கட்டிவிட்டால் கிரிப்டிக். அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் இந்தப் பாணியில் தமிழ்க் குறுக்கெழுத்து அமைத்திருக்கிறார். கடல் கடந்து செய்ய முடிவதை உள்ளூர் வார இதழ்கள் செய்யாமல் இருப்பதற்கு, வாசகருக்குப் புரியாது என்பதுதான் வழக்கமான சமாதானம். சொல்லிக்கொடுக்காமல் புரியாது என்பது சரி. சொல்லிக்கொடுத்தால்?

நீங்கள் பதினைந்து நிமிடமாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். புரிந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம். இதோ ஒன்று.

கோபம் பரம்பரைக்குள் இருப்பது சாட்டையால் சுற்றும் (5).

விடை அடுத்த வாரம் வராது. எனக்குக் கடிதம் போட்டுக் கேட்கவும் வேண்டாம். கிடைத்ததும் சரிதானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.